டரங்கா காலின்ஸும் கொட்டகை எலுமிச்சையும்

டரங்கா பந்துருட்டும் கிளப்பில் குடிக்க என்ன இருக்கிறது என்று கேட்டால் பீர் என்பார்கள். வேறென்ன என்று கேட்டால் இன்னொரு பீரின் பெயரைச் சொல்வார்கள். பெண்களுக்கு அட்டைப்பெட்டியில் வரும் ஒயின். குளிர்காலத்தில் சுற்றுலாக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்காத கடலோர ஊர் அது. புல்தரையில் பந்துருட்டுவதும், வெள்ளிக்கிழமை குலுக்கல் சீட்டில் ஒரு தட்டு இறைச்சி ஜெயிப்பதும்தான் பொழுதுபோக்கு. அப்பேர்ப்பட்ட இடத்தில் காக்டெயில் என்ற சொல்லை முதன்முதலில் உச்சரித்தவள் கோரல். அதைக் கேட்டதும் தலைவர் ரெஜ், தன் வீட்டு நாயை யாரோ கிண்டலடித்த மாதிரி முகத்தைச் சுளித்தார்.

கோரல் நியூகாசிலிலிருந்து இலையுதிர்காலத்தில் வந்தவள். கிளப்பின் மதுக்கூடத்தை அவள் கையில் கொடுத்திருந்தார்கள், ஆனால் தற்காலிகமாகத்தான். குளிர்காலத்தின் நடுவே ஜூலையில் நடக்கும் விருந்து முடிந்ததும் கமிட்டி கூடி முடிவு செய்யும் என்று ரெஜ் சொல்லியிருந்தார். முடிவு எப்படி வரும் என்பதும் ஊருக்கே தெரியும். மதுக்கூடத்தில் ஜனக்கூட்டம் சேர்ந்தால் கோரல் இருப்பாள், நெடுஞ்சாலை ஓரத்துப் புது ஹோட்டலுக்கே ஜனங்கள் போய்க்கொண்டிருந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவாள்.

அவள் இருக்க வேண்டும் என்று டரங்காவில் யார் விரும்பினார்களோ இல்லையோ, புல்தரையைப் பராமரிக்கிற மெர்வ் விரும்பினான். அவனுக்கு ஐம்பத்தைந்து வயது. மனைவி க்வீன்ஸ்லாந்துக்குப் போய் வெகுகாலம் ஆகிறது, அங்கே வெயில் நன்றாக இருக்கிறதாம், திரும்பவில்லை. புல்லோடு பேசிப் பேசியே காலம் தள்ளியவன், கோரல் வந்த பிறகு தினமும் சவரம் செய்ய ஆரம்பித்தான். அவள் கிளப்பின் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டால் அவனுக்கு நாள் நன்றாக இருந்தது. காதல் என்று சொன்னால் அடிக்க வருவான், அதனால் நாமும் சொல்ல வேண்டாம்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் மத்தியானம், புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவனைக் கோரல் கைதட்டிக் கூப்பிட்டாள்.

“மெர்வ், இங்க வாங்க. இதைக் கொஞ்சம் குடிச்சுப் பாருங்க. எனக்காகப் பொய் சொல்லக்கூடாது.”

உயரமான கண்ணாடி டம்ளர். உள்ளே இளம்பொன் நிறத்தில் ஏதோ ஒன்று நுரைத்துக்கொண்டிருந்தது. மேலே ஒரு பச்சை இலை மிதந்தது.

“பீர் மாதிரி தெரியலையே?”

“பீர் இல்ல, அதனாலதான். குடிங்க.”

மெர்வ் ஒரு வாய் குடித்தான். அப்புறம் இன்னொரு வாய். முதலில் புளிப்பு வந்தது, அதன் பின்னால் தேன், அதற்கும் பின்னால் லேசாகப் புகை வாசம். தோட்டத்தில் யாரோ அடுப்பு மூட்டியிருக்கும்போது பக்கத்தில் ஒரு எலுமிச்சையை நறுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. டம்ளர் காலியான பிறகுதான் நிமிர்ந்தான்.

“என்னங்க இது?”

“டாம் காலின்ஸ்.” கோரல் சிரித்தாள். “பழைய சங்கதிதான். ஜின், எலுமிச்சை, சர்க்கரை, சோடா. லண்டன்ல குடிச்சாலும் சிட்னில குடிச்சாலும் ஒரே ருசி, ஒரே சலிப்பு. நான் அவனை டரங்காக்காரனா மாத்திட்டேன். ஜின் மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் வடிக்கறாரே, அது. தேன் நம்ம குழாய்க்கார ப்ளூயியோட தம்பி வளர்க்கற தேனீக்கூட்டுலேர்ந்து. எலுமிச்சைத் தோலைச் சீவி, சர்க்கரையும், எலுமிச்சை வாசம் அடிக்கற மிர்ட்டில் இலையும் போட்டு நசுக்கி மூடி வச்சா, காலையில எண்ணெய் மாதிரி சாறு விட்டிருக்கு. பழத்தை ரெண்டா அறுத்து, பார்பெக்யூ தகட்டுல கவுத்துப் போட்டு, கருகற மாதிரி சுட்டுப் பிழிஞ்சேன். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானாம்! இதைக் குடிச்சா ஹோட்டல்காரன் கடையைச் சாத்திட்டுப் போயிடுவான்.”

“எல்லாம் அந்தப் பழத்தோட மகிமைங்க. கடையில விக்கறாங்களே மெழுகு தடவின பந்து, அதுல வாசமே கிடையாது. இது காட்டு எலுமிச்சை. முரட்டுத் தோல், கையில எடுத்தாலே விரல் மணக்குது.”

“அப்படியா? எங்க வாங்கினீங்க?”

“வாங்கறதா? நல்லா கேட்டீங்க. நம்ம கொட்டகைக்குப் பின்னால நிக்குதே உங்க மரம், கிளை ஒடியற மாதிரி காய்ச்சிருக்கு! அதை இத்தனை வருஷமா யாரும் கண்டுக்கலையா?”

மெர்வ் காலி டம்ளரை மெதுவாக மேசையில் வைத்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். டரங்கா கிளப்பில் ஆண்கள் கழிப்பறை கட்டடத்தின் ஒரு கோடியில், கீழ்ப் புல்தரை மறுகோடியில். ஆட்டத்தின் நடுவே பீர் குடித்தவன் அவ்வளவு தூரம் நடப்பானா? கொட்டகைக்குப் பின்னால் எலுமிச்சை மரம் இருக்கிறது. இந்த நாட்டில் எந்த ஆம்பிளையைக் கேட்டாலும் எலுமிச்சை மரத்தடியில் ஒன்றுக்குப் போனால் மரத்துக்கு நல்லது என்று சொல்வான். சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு அழகான காரணம் வேறு எங்கும் கண்டுபிடிக்கப்படவில்லை. டரங்காவில் அது பழக்கம் என்பதையும் தாண்டி மரியாதை ஆகிவிட்டிருந்தது. வெளியூர் அணி வந்தால், விருந்தாளி கேப்டனை முதலில் மரத்தடிக்குத்தான் அழைத்துப் போவார்கள். அந்த மரத்துக்கு எல்லாரையும்விட அதிகமாக உபகாரம் செய்தவன், நாள் முழுக்க வெளியிலேயே வேலை பார்க்கிற மெர்வ்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். கோரலோ டம்ளரைத் துடைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள்.

“உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, மெர்வ். எத்தனையோ ஊர்ல இருந்துட்டேன். எல்லா இடத்துலயும் யாரோ எழுதி வச்ச மெனுவைத்தான் ஊத்திக் கொடுத்தேன். இது ஒண்ணுதான் நானா யோசிச்சு செஞ்சது. விருந்து அன்னிக்கு இதைத்தான் எல்லாருக்கும் தரப்போறேன். இது எடுபட்டா இங்கேயே இருந்துடலாம்னு ஆசையா இருக்கு. எடுபடலைன்னா, சரி, கிளம்ப வேண்டியதுதான்.”

மெர்வ் திறந்த வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் அவன் காரை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய் ஒரு பை நிறைய எலுமிச்சை வாங்கி வந்தான். உங்கள் கை வலிக்கக்கூடாது, முள் குத்தும், ஏன் பறிக்கிறீர்கள் என்று என்னென்னவோ உளறினான். கோரல் ஒரு பழத்தை நகத்தால் கீறி முகர்ந்துவிட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“பாவம், ரொம்ப சிரமப்பட்டிருக்கீங்க. ஆனா இதுல ஒண்ணுமே இல்ல. வீட்டுல மீன் வறுத்தா பிழிஞ்சுக்கோங்க.”

அடுத்து, மாமன் மகன் பண்ணையிலிருந்து காட்டு எலுமிச்சையே கொண்டுவந்தான். அதையும் சுட்டு, பிழிந்து, இரண்டு டம்ளர்களையும் அருகருகே வைத்தாள். மெர்வ் இரண்டையும் குடித்தான். பொய் சொல்லத்தான் நினைத்தான். ஆனால் கொட்டகை மரத்துப் பழம்தான் ஒருபடி மேல் என்பது நாக்குக்குத் தெரிந்துவிட்டது, முகமும் காட்டிக்கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து அவள் தேனைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள், இலையை மாற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் முதல் டம்ளர் மெர்வுக்குத்தான். அவனும் மறுக்காமல் குடித்தான்.

வேறு வழியில்லாமல் ரெஜ்ஜிடமும் குழாய் வேலை செய்கிற ப்ளூயியிடமும் கொட்டகையில் வைத்து விஷயத்தைச் சொன்னான். ப்ளூயி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் தலைமுடியைப் போலவே முகமும் சிவந்துபோனது.

“ஐயோ, அப்போ நம்ம பீரே திரும்ப நம்மகிட்ட வருதுன்னு சொல்லு!”

“சிரிக்காதடா. இனிமே யாரும் அங்க போகக்கூடாது. சரியா?”

“போகாட்டி?” என்றார் ரெஜ். “எங்கப்பா காலத்துலேர்ந்து போனது எங்க போகும்? அது வேர்ல ஊறிக் கிடக்குப்பா. சத்தியமா சொல்றேன், என் வாயில ஒரு சொட்டு படாது. பசங்க யாரும் தொட மாட்டானுங்க.”

“அப்ப அவகிட்ட நீங்க சொல்லுங்களேன். தலைவர்தானே?”

“நானா? ஒரு பொம்பளைகிட்டப் போய் இதைச் சொல்லச் சொல்றியா? நீ சொல்லு. நீதான் சவரம்லாம் பண்ணிக்கிட்டு அவ பின்னாலயே சுத்தறே.”

மெர்வுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவனும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, விருந்து நாளே வந்துவிட்டது. கோழைத்தனம்தான், அதற்கு வேறு பெயர் கிடையாது.

விருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெயில் இருந்தது, சூடு இல்லை. கூடம் நிறைய ஜனங்கள். நீள மேசைகளில் சுட்ட ஆட்டுக்கறி, பூசணிக்காய், கழிமுகத்திலிருந்து காலையில் எடுத்த சிப்பிகள். கடைசி மேசையில் ரெஜ்ஜின் மனைவி நோரீன் செய்த எலுமிச்சைக் கேக், சதுரம் சதுரமாக அறுத்து அடுக்கப்பட்டிருந்தது. கோரல் நீலச் சட்டை போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசி, தட்டு தட்டாக டம்ளர்களை அனுப்பினாள். கரும்பலகையில் ‘டரங்கா காலின்ஸ்’ என்று அவளே எழுதி வைத்திருந்தாள்.

பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். குடித்ததும் புருவம் உயர்ந்தது, இன்னொன்று கேட்டார்கள். ஆண்கள் பக்கம் போன தட்டு மட்டும் போனபடியே திரும்பி வந்தது. ஒருவனுக்கு வயிறு சரியில்லை. ஒருவன் மாத்திரை சாப்பிடுகிறான். ஒருவன் அந்த நிமிடத்திலிருந்து குடியையே விட்டுவிட்டதாகச் சொன்னான், சொல்லும்போது கையில் பீர் இருந்தது.

கோரல் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு நேராக ரெஜ்ஜிடம் போனாள்.

“தலைவர் குடிச்சாத்தானே மத்தவங்க குடிப்பாங்க? எனக்காக ஒரே ஒரு வாய்.”

“இல்லம்மா, டாக்டர் புளிப்பு கூடாதுன்னுட்டாரு.” ரெஜ் சொல்லிவிட்டுக் கையிலிருந்த எலுமிச்சைக் கேக்கை ஒரு கடி கடித்தார்.

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது அப்படியே மேசை மேசையாகப் பரவியது. கோரல் நாலு பக்கமும் பார்த்தாள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது புரிந்தது, எதற்கு என்பதுதான் புரியவில்லை. அவள் முகம் சுண்டிப்போனது. டம்ளரை மறுபடி தட்டில் வைத்துவிட்டு, மதுக்கூடத்தருகே ஐஸ் வாளியோடு நின்ற மெர்விடம் வந்தாள்.

“போதும் மெர்வ். கமிட்டியெல்லாம் கூட வேண்டாம். இந்த வாரமே நான் கிளம்பறேன்.”

குரல் உடைந்திருந்தது. மெர்வ் கையிலிருந்த வாளியை விட்டுவிட்டான். அது தரையில் விழுந்த சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது.

“கோரல், உங்க சரக்குல ஒரு குத்தமும் இல்ல. இவனுங்க சிரிக்கறது அதுக்கில்ல.” கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினான். “அந்த எலுமிச்சை மரம் இருக்கே, அதுக்கு அடியிலதான் நாங்க எல்லாரும் ஒண்ணுக்குப் போவோம். இங்க சிரிக்கறானுங்களே, ஒருத்தன் பாக்கியில்ல. இவனுங்க அப்பனுங்களும் போனவங்கதான். எல்லாரையும்விட அதிகமாப் போனது நான்.”

சிரித்தவர்கள் பீர் டம்ளருக்குள் முகத்தைப் புதைத்தார்கள். கோரல் தட்டிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். பிறகு மெர்வைப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியாது. உங்களுக்கு முதல் நாள்லேர்ந்தே தெரியும்.”

“தெரியும்.”

“நான் பறிக்கறதைப் பாத்துக்கிட்டே இருந்தீங்க. இத்தனை பேரு முன்னால கோமாளியா நிக்கட்டும்னு விட்டுட்டீங்க. நீங்க கூடவா மெர்வ்?”

“சொல்ல பயமா இருந்துச்சு. சொன்னா நீங்க போயிடுவீங்கன்னு நினைச்சேன்.”

“நான் கொடுத்த ஒவ்வொரு டம்ளரையும் குடிச்சீங்களே. தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான்.”

“ஏன்?”

மெர்வ் யோசித்தான். யோசித்து வருகிற பதிலாக அது இல்லை.

“நல்லா இருந்துச்சு. அதோட, நீங்க கொடுத்தீங்க.”

தட்டிலிருந்த டம்ளரை எடுத்தான், எல்லாரும் பார்க்க மடமடவென்று குடித்து முடித்தான், வாயைத் துடைத்துக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை. அப்போது சமையலறை வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

“முடிஞ்சுதா உங்க நாடகம்?”

நோரீன். கையில் துடைக்கிற துணியோடு நின்றிருந்தார். பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள்.

“யோவ் ரெஜ், அந்த கேக் எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் ரெஜ், எதற்குக் கேட்கிறாள் என்று தெரியாமல். வாய் நிறைய கேக்.

“நல்லாத்தான் இருக்கும். எந்த மரத்துப் பழம்னு நினைச்சே?”

ரெஜ் மெல்லுவதை நிறுத்தினார்.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் அந்த மரத்துலதான் பறிக்கிறேன். உன் பிறந்தநாள் கேக் அதுல செஞ்சது. ரொட்டிக்குத் தடவித் தடவித் தின்னீங்களே எலுமிச்சை வெண்ணெய், அது அதுல செஞ்சது. சர்ச் சந்தையில நாங்க வித்த பாட்டிலெல்லாம் அதுலேர்ந்துதான். எங்களுக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? பாத்திரம் கழுவற தொட்டிக்கு மேலேயே ஜன்னல் இருக்கு, நிமிர்ந்தா மரம் தெரியுது. உங்க எல்லாருடைய முதுகையும் பார்த்துப் பார்த்து எனக்குப் பேர் சொல்லத் தெரியும். ப்ளூயி, நீ நிக்கும்போது சீட்டி வேற அடிப்பே.”

ப்ளூயியின் காது வரை சிவந்தது.

“வேருக்குப் போனது பழத்துல வருமா? மாட்டுச் சாணி போட்ட தக்காளியைத் தின்னலையா? கழுவித்தான் செய்யறோம், அவளும் கழுவித்தான் செய்யறா. நம்ம கூத்து ஊருக்குப் புதுசா வந்தவளுக்குத் தெரியாது, அவளை வச்சு விளையாடறீங்களே, வெக்கமா இல்லை? நானும்தான் முன்னாலயே சொல்லியிருக்கணும் கோரல், மன்னிச்சுக்கோ. ஆம்பிளைங்க சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன். இதுங்களைப் போய் நம்பினேன் பாரு.” நோரீன் மெர்வ் பக்கம் திரும்பினார். “லேட்டா சொன்னாலும் நீ ஒருத்தன்தான் சொன்னே. அந்த மட்டுக்குச் சரி.”

எல்லார் பார்வையும் ரெஜ் மேல் இருந்தது. அவர் வாயில் இருந்ததைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் மனசில்லை. கடைசியில் விழுங்கினார். அசடு வழியச் சிரித்தபடி எழுந்து, மதுக்கூடத்துக்கு நடந்து வந்து, கோரல் முன்னால் நின்றார்.

“எனக்கு ஒண்ணு ஊத்தும்மா.”

“டாக்டர் புளிப்பு கூடாதுன்னாரே?” என்றாள் கோரல்.

“அவன் கெடக்கான்.”

கோரல் உடனே ஊற்றிவிடவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு ரெஜ்ஜை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் அவள் உதட்டோரம் துடித்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்து, கண்ணில் தண்ணீர் முட்ட, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதில் பாதி அழுகையும் இருந்திருக்கலாம். எப்படியோ, நல்லபடியாக முடிந்தது.

ரெஜ் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் குடித்தார்.

“அடப்பாவிகளா,” என்றார் கூடத்தைப் பார்த்து. “இவ்வளவு வருஷமா இதை விட்டுட்டு பீரைக் குடிச்சுக்கிட்டு இருந்திருக்கோம்.”

அதன் பிறகு மதுக்கூடத்து முன்னால் வரிசை நின்றது. வயிறு சரியில்லாதவனுக்கு வயிறு சரியாகிவிட்டது. மாத்திரை சாப்பிடுகிறவன் இரண்டாவது டம்ளர் கேட்டான். குடியை விட்டவன் மறுபடி ஆரம்பித்தான். கமிட்டிக்காரர்கள் அங்கேயே, வரிசையில் நின்றபடியே கையைத் தூக்கி முடிவு செய்துவிட்டார்கள். ரெஜ் கரண்டியால் டம்ளரைத் தட்டி எல்லாரையும் அமைதியாக்கினார்.

“கோரல், வேலை உன்னுதுதான். நாங்க செஞ்சது தப்பு. அதுக்குப் பரிகாரமா, கீழ்ப் புல்தரைப் பக்கம் ஆம்பிளைங்களுக்கு ஒரு புதுக் கழிப்பறை கட்டித் தந்துடறோம். ப்ளூயி குழாய் போடுவான், கூலி வாங்க மாட்டான். இனிமே அந்த மரத்துப் பக்கம் ஒரு பய போக மாட்டான். இது என் வாக்கு.”

கைதட்டினார்கள். கோரல் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

“யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க? அதெல்லாம் ஒண்ணும் கட்டக்கூடாது. போறவங்க போற இடத்துக்கே ஒழுங்காப் போங்க. அடுத்த குளிர்காலத்துக்கும் எனக்கு இதே பழம் வேணும்.”

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ப்ளூயி இப்போதே போகிறேன் என்று எழுந்தான், பக்கத்திலிருந்தவன் இழுத்து உட்கார வைத்தான்.

மெர்வ் மட்டும் சிரிக்கவில்லை. கொட்டிக் கிடந்த ஐஸுக்கு நடுவே, வெறும் டம்ளரோடு நின்றிருந்தான். அடுத்த குளிர்காலம் என்று அவள் சொன்னதற்குப் பிறகு எதுவுமே அவன் காதில் விழவில்லை. அவனுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

“மெர்வ்!” கோரல் கூப்பிட்டாள். “அங்க என்ன நின்னுக்கிட்டு? பழம் தீர்ந்துபோச்சு. ஒரு கூடை பறிச்சுட்டு வாங்க. பறிக்க மட்டும்தான் போறீங்க, ஞாபகம் இருக்கட்டும். நான் ஜன்னல்லேர்ந்து பாப்பேன்.”